தாத்தாவின் தாள்களில் பெயரில்லாத ஒருவர்

1

எங்கள் சந்தில் பால் ஊற்றிக்கொண்டிருந்த மனிதரைப் போன மாசி மாதம் தீவுக்குக் கொண்டுபோனார்கள். பினாங்குத் துறைமுகத்தில் நின்று பார்த்தால் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில்தான் அந்தத் தீவு இருக்கிறது. குஷ்டம் என்கிற பெருவியாதி கண்டவர்களை அங்கே வைக்கிறார்கள். போனவர் யாரும் திரும்பி வந்ததாக எங்கள் சந்தில் ஒருவருக்கும் நினைவில்லை. பத்திரிகைக்கு வந்த செய்தியில் அவருடைய ஊர், வயது, எந்தெந்தத் தெருவில் பால் ஊற்றினார் என்பதெல்லாம் இருந்தன. அதை மூன்று வரியாகச் சுருக்கியவன் நான். அவர் பால் ஊற்றிய வீடுகளில் ஒன்று என்னுடையது என்பதைச் சேர்க்கவில்லை. பத்திரிகைக்காரனுடைய வீடு செய்தி ஆகாது.

இரண்டு நாள் கழித்து அச்சுத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். ஆபீசுப் பையன் கொண்டுவந்து வைத்த காப்பிக் குவளை என் இடது கைச் சுண்டுவிரலை ஒட்டி இருந்தது. மற்ற விரல் பட்டபோதுதான் அது கொதிக்கக் கொதிக்க இருக்கிறது என்று தெரிந்தது. சுண்டுவிரலை மட்டும் வேண்டுமென்றே மறுபடி வைத்துப் பார்த்தேன். சூடு ஏதோ துணிக்கு அப்பால் இருப்பதுபோல் இருந்தது.

சட்டைக் கையை மடித்தேன். முழங்கைக்குக் கீழே புளியங்கொட்டை அளவில் ஒரு வெளிர்ந்த தடம் இருந்தது. அது எப்போது வந்தது என்று எனக்குத் தெரியவில்லை. சட்டைக் கையை இறக்கிவிட்டுப் பித்தானைப் போட்டுக்கொண்டு, மீதித் தாளைத் திருத்தி முடித்தேன். அந்தப் பக்கத்தில் ஒரு பிழைகூட விடவில்லை என்று பிறகு பார்த்தேன்.

2

அந்த வாரமே சுகாதார அதிகாரியும் ஒரு குமாஸ்தாவும் வீடு வீடாக வந்தார்கள். குமாஸ்தா கையில் தடிமனான புத்தகம். பெயர், வயது, சொந்த ஊர். நான் ஆம்பூர் என்றேன். அவர் இரண்டு முறை கேட்டு, மூன்றாம் முறை தானாக ஏதோ எழுதிக்கொண்டார். என் மகள் சரோஜாவுக்கும் அதையே எழுதப்போனபோது அவள் மலாயில் குறுக்கிட்டாள். தான் இங்கேதான் பிறந்தவள் என்றும் ஆம்பூரைப் பார்த்ததே இல்லை என்றும் சொன்னாள். குமாஸ்தா அதை உடனே புரிந்துகொண்டு அழகாக எழுதினார்.

"எல்லோரும் கையை நீட்டுங்கள்" என்றார் அதிகாரி. உள்ளங்கையையும் புறங்கையையும் பார்த்தார். சட்டைக்குள் பார்க்கவில்லை. மூன்று மாதம் கழித்து டாக்டரோடு வருவோம், அப்போது முழுவதும் பார்ப்போம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

"ரொம்ப சூசா அப்பா" என்றாள் சரோஜா, தொல்லைக்கு மலாய்க்காரர் சொல்வதுபோல்.

"சூசாவாம். பேஜார்னு சொல்ல வாய் வராதா உனக்கு?" என்றாள் என் மனைவி பூங்காவனம்.

"அதுவும் தமிழ் இல்லைம்மா. எங்க டீச்சர் சொன்னாங்க."

இருவரும் சிரித்தார்கள். நான் அந்த மூன்றாம் மாதத்தை நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் பக்கத்தில் இந்த வியாதியைப் பற்றி யாரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: அந்த வீட்டில் முன்னால் யாருக்காவது இருந்ததா? சம்பந்தம் பேசும்போது வேலூரிலிருந்து வாணியம்பாடிவரை இந்த ஒரு கேள்வியைச் சுற்றி வளைத்தாவது கேட்காமல் விடமாட்டார்கள். அது ரத்தத்தில் இறங்கி வரும் என்பது எல்லோரும் நம்பிய விஷயம். ஆயிரம் மைலுக்கு அப்பால் மேசையும் நாற்காலியும் போட்டு உட்கார்ந்திருக்கிற நானும் அந்தக் கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டேன். முன்னால் யாருக்கும் இல்லை என்றால் இது வேறு ஏதோ, டாக்டர் வரட்டும். யாருக்காவது இருந்திருந்தால் டாக்டர் வருவதற்கு முன்பே நான் தனியாகக் கப்பலேறிவிட வேண்டும். என் பெயர் அந்தத் தடிமனான புத்தகத்தில் ஏறினால் சரோஜாவைப் பள்ளிக்கூடத்தில் வைத்திருக்கமாட்டார்கள். வீட்டையும் காலி செய்யச் சொல்வார்கள்.

என் அப்பா நான் பிறப்பதற்கு முன்பே ஆம்பூரைவிட்டு வேலூருக்குக் குடிவந்துவிட்டவர். ஆம்பூர்த் தெருவின் பழைய கதைகள் எனக்குத் தெரியாது. தெரிந்திருக்கக்கூடிய பெரியவர்கள் யாரும் உயிரோடில்லை. ஆனால் தாத்தா எழுதி வைத்த தாள்கள் இருந்தன. அவர் ஒரு தோல் மண்டியில் கணக்கு எழுதியவர். மண்டி கழித்துப்போட்ட நீளப் புத்தகம் ஒன்றில் பிறப்பு, இறப்பு, கொடுத்தது, எடுத்தது எல்லாம் எழுதினார் என்று அப்பா சொல்லக் கேட்டிருக்கிறேன். பெரியப்பா மகன் சின்னசாமி அண்ணனுக்குக் கடிதம் போட்டேன்.

3

தாள்கள் பழைய வேட்டித் துண்டில் கட்டித் தபாலில் வந்தன. அண்ணனின் கடிதமும் உள்ளே இருந்தது. அவர் பேசுகிறபடியே எழுதுபவர்: "தம்பி, நீ இன்னாத்துக்குக் கேக்கறேன்னு புரியல. பொட்டியில இருந்தத அப்படியே கட்டி அனுப்பிக்கீறேன். தையல் வுட்டுப் போச்சி. செல்லு தின்னது போக மீதி உனுக்கு. இங்க மழை கம்மி. எல்லாரும் சௌக்கியம்."

"செத்தவங்க கணக்கு இப்ப எதுக்கு?" என்று கேட்டாள் பூங்காவனம்.

பத்திரிகையில் பழைய குடும்பங்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதப்போகிறேன் என்றேன். அவள் வேறொன்றும் கேட்கவில்லை.

சரோஜா ஒரு தாளை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இது எழுத்தாப்பா, இல்ல பூச்சி மையில காலை வச்சிட்டு ஓடிச்சா?"

அவளுக்கு அச்சில் இருக்கிற தமிழே எழுத்துக்கூட்டித்தான் வரும். எனக்கும் அது கிட்டத்தட்ட அப்படித்தான் இருந்தது. தினமும் பலருடைய மோசமான கையெழுத்தைப் படித்துச் சோறு தின்கிறவன் நான். ஆனால் என்னிடம் வருகிறவர்கள் அடுத்தவன் படிக்க வேண்டும் என்று எழுதுகிறவர்கள். தாத்தா தனக்காக எழுதினார். மெய்யெழுத்துக்குப் புள்ளி கிடையாது. வார்த்தைக்கும் வார்த்தைக்கும் நடுவில் இடம் கிடையாது. எண்கள் எல்லாம் தமிழ் எண்கள். வருஷம், மாதம், தேதிக்கு ஒவ்வொரு சுழி. மை பழுப்பேறி, தாளின் நிறத்தோடு கலந்துவிட்டிருந்தது.

ஒரு பழக்கம் கைகொடுத்தது. படிக்க முடியாத கையெழுத்து வந்தால் அதில் கட்டாயம் இருக்க வேண்டிய ஒரு பெயரைத் தேடுவோம். அத்தை ஒருத்தியை ஆற்காட்டில் கொடுத்திருந்தார்கள், இன்னொருத்தியை வாலாஜாபேட்டையில். ஊர்ப் பெயர் இரண்டையும் கண்டுபிடித்தேன். அவற்றிலிருந்து தாத்தாவின் ககரம் எப்படி, டகரம் எப்படி, துணைக்காலை எப்படி இழுப்பார் என்பதை ஒரு காகிதத்தில் வரிசையாக எழுதிக்கொண்டேன். பிறகு அப்பாவின் பெயர். அது கிடைத்ததும் இன்னும் சில எழுத்துகள். ஞாயிற்றுக்கிழமைகளில் பகலில் சாப்பாட்டுக்குப் பிறகு ஜன்னலோரம் உட்கார்ந்து படித்தேன். தாது வருஷப் பஞ்சத்தில் இறந்தவர்கள் ஒரு முழுத் தாளுக்கு இருந்தார்கள். பஞ்சம், பேதி, பஞ்சம், பிரசவம், பஞ்சம். ஒவ்வொரு சாவுக்கும் அவர் காரணம் எழுதியிருந்தார். காரணங்களை மட்டும் தேடித் தேடிப் படித்தேன். நான் தேடிய வார்த்தை இல்லாத ஒவ்வொரு தாளையும் தனியே அடுக்கினேன். அந்த அடுக்கு உயர உயரச் சாப்பாடு கொஞ்சமாவது உள்ளே இறங்கியது.

4

அந்த வார்த்தை கடைசிவரை வரவில்லை. வந்தது வேறு.

ஒரு தாளின் நடுவில் இது இருந்தது. நானாகப் புள்ளி வைத்து, வார்த்தைகளைப் பிரித்து எழுதுகிறேன்: "பெரியவரை ஆற்றோரம் வைத்தோம். விரல் இல்லை. ஊருக்குத் தெரியாது. சோறு சின்னது கொண்டுபோகிறது." அதற்குக் கீழே இரண்டு வரி இடம் விட்டு, வேறு மையில்: "பெரியவர் போனார். குடிசையைக் கொளுத்தினோம்."

பெயர் இல்லை. தாத்தா பிறந்த அன்றே செத்த குழந்தைகளுக்குக்கூட ஆணா பெண்ணா என்று எழுதியிருப்பவர். இங்கே மட்டும் 'பெரியவர்'. வருஷம் இருந்த மூலையைச் செல்லரித்திருந்தது. தாள்கள் கலைந்து வந்ததால் இது எதற்கு முன், எதற்குப் பின் என்பதும் தெரியவில்லை.

எனக்கு அது தெரியவேண்டிய அவசியமும் இருப்பதாகத் தோன்றவில்லை. பெரியவர் என்றால் தாத்தாவின் அப்பா, அல்லது அண்ணன். சின்னது என்றால் அந்த வீட்டில் அப்போது இருந்த சிறுவன், என் அப்பா. பாலாற்று மணலில் ஒரு குடிசைக்குச் சோற்றை எடுத்துக்கொண்டு போகிற சிறுவன். அவன் மகன் நான். என் மகள் அடுத்த அறையில் இங்கிலீஷ் பாட்டு ஒன்றை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

தாளை அப்படியே வைத்துவிட்டு முற்றத்துக்குப் போய்ச் சுண்டுவிரலைக் குழாய்த் தண்ணீரில் பிடித்தேன். ஈரம் தெரிந்தது. குளிர்ச்சி தெரிந்ததா என்று என்னால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. மறுநாள் ஆபீசில், நாகப்பட்டினத்துக்குக் கப்பல் புறப்படும் தேதிகளைத் திருத்தும்போது ஒன்றை மனத்தில் குறித்துக்கொண்டேன். அங்கே இறங்கும்போதும் ஒரு டாக்டர் பார்ப்பார் என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது.

அந்த நாட்களில் வீட்டில் நான் சரோஜாவைத் தொடவில்லை. அவள் புத்தகத்தை நீட்டினால் மேசைமேல் வைக்கச் சொல்வேன். பூங்காவனம் இதைக் கவனிக்கவில்லை என்று நினைத்தேன்.

5

கப்பலுக்குப் போவதற்கு முன்பு அந்தத் தாளை மட்டும் ஒருமுறை சரிபார்க்க நினைத்தேன். அச்சுக்குப் போகிற கடைசித் தாளை மறுபடி பார்க்காமல் விட எனக்கு வராது. மை மங்கலாக இருந்த இடத்தைப் படிப்பதற்காக ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தேன். ஓரத்தில் ஊசி நுழைகிற அளவில் வெளிச்சம் உள்ளே வந்தது. இரண்டு இடத்தில், பக்கத்தில் பக்கத்தில்.

அந்தப் பிளவுகளை முன்பே பார்த்திருந்தேன். எல்லாத் தாள்களின் ஓரத்திலும் இருந்தன. செல்லரித்தது என்று விட்டுவிட்டேன். ஆனால் பூச்சி நேர்கோட்டில் தின்னாது. ஒவ்வொரு குறிப்பும் தொடங்கும் வரிக்கு நேரே வந்து தின்னவும் தின்னாது.

நானும் பதினெட்டு வயதில் ஆம்பூர்த் தோல் மண்டி முற்றத்தில் ஒரு வருஷம் நின்றவன். பல வியாபாரிகளின் பச்சைத்தோல் ஒரே சுண்ணாம்புக் குழியில்தான் இறங்கும். வெளியே வரும்போது எது யாருடையது என்று தெரிய வேண்டும். மையால் எழுதினால் சுண்ணாம்பு தின்றுவிடும். ஆகவே தோலின் ஓரத்தில் கத்தியால் சின்னதாக வெட்டிவிடுவார்கள். ஒருவருக்கு ஒரு வெட்டு, ஒருவருக்கு இரண்டு, இன்னொருவருக்குச் சாய்ந்த வெட்டு. எத்தனை குழி ஏறி இறங்கினாலும், ஆவாரம்பட்டைத் தண்ணீரில் எத்தனை நாள் கிடந்தாலும், விரலால் ஓரத்தைத் தடவி இது இன்னார் தோல் என்று சொல்லிவிடலாம். தாத்தா வேலை நேரம் முழுவதும் அந்த வெட்டுகளைப் பார்த்துக் கணக்கு எழுதியவர். வீட்டுக்கு ஓர் அடையாளமாகத் தாளிலும் அதே வெட்டைப் போட்டிருக்கிறார்.

அந்தத் தெருவில் எழுதத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். எல்லா வீட்டுப் பிறப்பும் இறப்பும் அவரிடம் வந்திருக்கின்றன; அந்தந்த வீட்டார் பேசுவதுபோலவே எழுதியிருக்கிறார். ஒரு கையெழுத்து, ஒரே குடும்பம் என்று நான் படித்துக்கொண்டிருந்தேன்.

தாள்களை மறுபடி எடுத்து, இந்த முறை எழுத்தைப் படிக்காமல் ஓரத்தைத் தடவிப் பிரித்தேன். ஒற்றை வெட்டுக்கு நேரே என் அப்பா இருந்தார், அத்தைகள் இருந்தார்கள். ஒற்றை வெட்டு எங்கள் வீடு. அதில் பஞ்சமும் பேதியும் கிழப்பருவமும் தவிர வேறொன்றும் இல்லை. எவ்வளவு நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. மூச்சு விடுவது சுகமாக இருந்தது.

பெரியவருக்கு நேரே இருந்தது இரட்டை வெட்டு. அது யார் வீடு என்று பார்க்க, இரட்டை வெட்டுத் தாள்களைப் புரட்டினேன். ஒரு பிறப்புக் குறிப்பில், அதே தெருவில் குடியிருந்த என் மாமனாரின் பெயர் இருந்தது. இன்னொன்றில், "பெண். பூங்காவனம் என்று பேர் வைத்தோம்."

6

பூங்காவனம் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். சரோஜா பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தாள். எதிரே உட்கார்ந்து அந்தக் குறிப்பைப் படித்துக் காட்டினேன்.

முறம் நின்றது.

"உங்க தாத்தா எழுதியா வெச்சிருக்காரு?" என்றாள். "எழுத வாணாம்னு எங்கப்பா அவரு கால்ல வுழுந்தாராம். பேரை வுட்டுட்டாரு, அவ்ளோதான் போல."

"சோறு கொண்டுபோன சின்னது..."

"நான்தான். பெரியவங்க போனா தெரு பாக்கும். கொழந்த ஆத்துல வெளையாடப் போவுதுன்னு நெனச்சிப்பாங்க." முறத்தைக் கீழே வைத்தாள். "எலைய கல்லு மேல வெச்சிட்டுத் திரும்பிப் பாக்காம வந்துடணும்னு சொல்லி அனுப்புவாங்க. நான் வரமாட்டேன். எங்க தாத்தா மடியில ஒக்காந்துக்கினு கதை கேப்பேன். அந்தக் கையால தலைய தடவுவாரு. நல்லாருக்கும்."

அவள் என் சட்டைக் கையைப் பார்த்தாள்.

"உங்க கையில இருக்கறத நான் பாத்துட்டேன். அந்தச் சுகாதாரக்காரரு வர்றதுக்கு மின்னாடியே. எண்ணெய் தேய்க்கறப்ப பாத்தேன்."

வாரம் தவறாமல் எனக்கும் சரோஜாவுக்கும் அவளே எண்ணெய் தேய்த்துவிடுவாள். சரோஜா பெரியவளான பிறகும் விடமாட்டாள். மற்றப் பெண்கள் கேலி செய்கிறார்கள் என்று அவள் அழுதுகூட இருக்கிறாள். நான் பூங்காவனத்தை ஊர்ப்புறத்து மனுஷி என்று எத்தனையோ தடவை கிண்டல் செய்திருக்கிறேன்.

"அதுக்குத்தானா எண்ணெய்?" என்றேன்.

"வேற எதுக்கு? முதுகு, காது மடல், முட்டிக்குப் பின்னாடி. அழுத்தி அழுத்தித் தேய்ப்பேன். வலிக்குதுன்னு நீங்க திட்டுவீங்க. திட்டினா எனக்கு நிம்மதி."

"ஏன் சொல்லல?"

"சொன்னா கட்டியிருப்பீங்களா?" என்றாள். பிறகு, "என்னால உங்களுக்கு வந்துடுச்சின்னு இத்தினி நாளா நெனச்சிக்கினு இருக்கேன். நீங்க என்னாடான்னா கட்டுரை எழுதறேன்னு சொல்றீங்க" என்றாள்.

அந்த வாரங்களில் ஒரே வீட்டில் ஒரே பயத்தை இரண்டு பேர் ஒருவருக்கொருவர் மறைத்து வைத்திருந்திருக்கிறோம். இதை எழுதலாமா என்று பின்னால் கேட்டேன். "பேரையெல்லாம் மாத்திட்டு எழுதுங்க" என்றாள். மாற்றியிருக்கிறேன்.

அன்று அவள் முறத்தை எடுத்துவைத்துவிட்டுச் சேலை மாற்றிக்கொண்டாள். "எழுந்திரிங்க. அவங்க வந்து பாக்கறதுக்கு மின்ன நாமளே போய்க் காட்டிடலாம். என்னா ஆனாலும் நான் கூட வரேன்" என்றாள். அவள் கூட வருவதாகச் சொன்னது தீவுக்கு என்பது ரிக்ஷாவில் போகும்போதுதான் எனக்கு உறைத்தது.

7

டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். வியாதி அதுவாக இருந்தால் அதிகாரிக்கு எழுதியாக வேண்டியவர். தடத்தைச் சுரண்டிப் பார்த்தார். என்னைக் கண்ணை மூடச்சொல்லி ஊசியால் குத்தினார். குத்திய இடத்தையெல்லாம் சொன்னேன். பிறகு சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு, "என்ன வேலை பாக்கிறீர்?" என்று கேட்டார்.

"பத்திரிகையில் பிழை திருத்துகிறேன்."

"எப்பிடி இருந்து திருத்துவீர்? இருந்து காட்டும்."

அவருடைய மேசையில் உட்கார்ந்து காட்டினேன். இடது முழங்கையை மேசை விளிம்பில் ஊன்றி, கையில் தாடையை வைத்துக்கொண்டு. அவர் என் முழங்கையின் பின்புறத்தில் விரலால் ஒரு தட்டுத் தட்டினார். சுண்டுவிரல்வரை நெருப்பு ஓடியது.

"உந்த நரம்பை நீரே நசுக்கிக்கொண்டு இருக்கிறீர். வருஷக் கணக்காய். கையில கிடக்கிறது வெறும் தேமல். கழுத்திலயும் கிடக்கு, கண்ணாடியில பாக்கிறேல்லையோ?" மருந்து எழுதினார். "மேசையை மாத்தும்."

சிரித்துவிட்டேன். பூங்காவனம் சிரிக்கவில்லை. "டாக்டரய்யா, இது பரம்பரையா வருமா?" என்று கேட்டாள்.

"தேமலோ?"

"பெருவியாதி."

"பரம்பரை எண்டு சொல்லுறது பிழை, அம்மா. ரத்தத்தில வராது. வியாதிக்காரரோட கிட்ட இருந்து, தொட்டுப் பழகினால் ஒட்டலாம். சின்னப் பிள்ளையளுக்குச் சுறுக்கா ஒட்டும். ஆனால் உடனே தெரியாது. கன வருஷம் ஒளிஞ்சு கிடக்கும்."

"எத்தினி வருஷம்?"

"இத்தனை எண்டு சொல்ல ஏலாது" என்றார் டாக்டர், அடுத்தவரைக் கூப்பிட மணியை அடித்துக்கொண்டே.

எனக்கும் சரோஜாவுக்கும் விடுதலை தந்த வார்த்தைகள் அவை. ரிக்ஷாவில் வரும் வழியெல்லாம் நான் பேசிக்கொண்டே வந்தேன். மேசையை ஜன்னலுக்கு நேரே திருப்பிப் போடலாம் என்றேன். சரோஜாவுக்கு இனிமேல் எண்ணெய் தேய்க்க வேண்டியதில்லை என்றேன். பூங்காவனம் சாலையைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் கதவைத் தாழிட்டாள். ஜன்னலை மட்டும் முழுவதும் திறந்துவைத்தாள். எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, ரவிக்கையைக் கழற்றினாள்.

"தாத்தா மடியில ஒக்காந்தவ நான். கை, காலு, மூஞ்சியெல்லாம் தினம் நானே பாத்துக்கறேன். இங்க மட்டும் பாக்க முடியல. யாரையும் கேக்கவும் முடியல" என்றாள். "பாருங்க."

பார்த்தேன். தடம் ஒன்றும் இல்லை என்றேன்.

"கண்ணால பாத்தா போதாது. அழுத்திப் பாருங்க. நான் சொல்றேன்."

கழுத்துக்குக் கீழிருந்து தொடங்கி, ஒரு விரலால் அழுத்திக்கொண்டே வந்தேன். "தெரியுது" என்றாள். அடுத்த இடம். "தெரியுது." வலது பக்கம் முழுவதும் அப்படியே இறங்கினேன். மறுபடி மேலே போய் இடது தோளிலிருந்து வந்தேன். தோள்பட்டைக்குக் கீழே ஓரிடத்தில் அழுத்தினேன். பதில் இல்லை. மறுபடி அழுத்தினேன். பதில் இல்லை.

"பூங்காவனம்" என்றேன். எனக்கே கேட்காத குரலில்.

"தெரியுதுங்க" என்றாள். "அழுவறேன், அதான் சொல்ல வரல. தெரியுது. நீங்க கீழ போங்க, இன்னும் இருக்குது."